ஒரே மேஜையில் ரெண்டு போன்

முதல்லயே சொல்லிடறேன், அந்தத் தூண் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது பாட்டுக்கு எங்க அடுக்குமாடி பார்க்கிங்ல நின்னுட்டு இருந்துச்சு. நான்தான் ரிவர்ஸ் எடுக்கும்போது காரோட பின்பக்கத்தை அது மேல ஒரு இழு இழுத்துட்டேன். சின்னக் கீறல். கார்ல ஒண்ணு, தூண்ல ஒண்ணு. யாருக்குத்தான் நடக்கலை? ஆனா எனக்கு மட்டும் நடக்கக் கூடாதாம். ஏன்னா நான் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். இடிச்சதும் ஸ்கூல் கார்.

எங்க வீட்டுக்காரர் கடைத்தெருவுல மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். வர்றவங்க மூக்கு மேல ஒரு கனமான ஃப்ரேமை மாட்டி, லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, "இதுல நல்லாத் தெரியுதா, இதுலயா?"ன்னு நாள் முழுக்கக் கேக்கிற தொழில். வீட்டுக்கு வந்து சட்டை எடுத்தாக்கூட "இதுவா, இதுவா"தான். மனுஷனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதுசுல நான் கத்துத் தர்றேன்னு சொன்னதுக்கு, "உன்கிட்ட திட்டு வாங்கறதுக்கு நான் பஸ்லயே போயிடறேன்"னுட்டார். அதுலேருந்து டிரைவர் வேலையும் எனக்குத்தான்.

தூண் விஷயம் நடந்த மறுநாள், என்கிட்ட படிக்கிற பொண்ணு ஒருத்தி கண்ணாடி மாத்த அவர் கடைக்குப் போயிருக்கா. அவகிட்ட இவர் சொல்லியிருக்கார், "உங்க டீச்சர் நேத்து நகராத தூணைப் போய் இடிச்சுட்டா. கண்ணை டெஸ்ட் பண்ணிக்க வான்னா வர மாட்டேங்கிறா." அவ்வளவுதான். அதுக்கப்புறம் கிளாஸ்ல நான் ரிவர்ஸ் கியர்னு வாயெடுத்தாலே பின்சீட்ல கிளுகிளுன்னு சிரிப்பு. ஒருத்தன் என்கிட்டயே, "மேடம், தூண் வருது, பாத்து"ங்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. கேலி பண்றதுக்கு வீட்டுல ஆயிரம் விஷயம் இருக்கு, என் தொழில்லயா கை வெக்கணும்?

நேரா கடைக்குப் போனேன். உள்ளே ஆள் இருந்தாங்க. இருக்கட்டுமேன்னு, "உங்ககிட்ட கண்ணாடி வாங்கினவங்கதான் ரோட்டுல எதிர்ல வந்து இடிக்கிறாங்க"ன்னு கத்திட்டு வந்துட்டேன். ஃப்ரேம் பாத்துக்கிட்டிருந்த அம்மா ஒருத்தர் அதைக் கீழே வெச்சுட்டுப் போயிட்டாங்களாம். அன்னைக்கு நின்னது பேச்சு.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல சுவத்துக்குத்தான் மரியாதை. "சாப்பாடு மேஜை மேல இருக்கு"ன்னு நான் சுவத்துகிட்ட சொல்வேன். "சாவி ஆணியில மாட்டியிருக்கு"ன்னு அவர் காலண்டர்கிட்ட சொல்வார். நான் கார்ல போவேன், அவர் பஸ்ஸுக்கு நிப்பார். பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது கண்ணாடியில அவரைப் பாப்பேன். நிறுத்த மாட்டேன்.

எங்க மக இருக்கிறது வேற ஊர்ல. பேர் ஒண்ணு வெச்சோம், ஆனா வீட்டுல இன்னைக்கும் பாப்பாதான். சின்னக் கம்பெனி ஒண்ணுல போனுக்கு ஆப் எழுதற வேலை. அவகிட்ட நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடலை. அவ கூப்பிட்டா, "அப்பா குளிக்கிறார்டி"ன்னு நான் சொல்வேன். அவர்கிட்ட பேசினா, "அம்மா கிளாஸ் எடுக்கப் போயிருக்கா"ன்னு அவர் சொல்வார். நாங்க பேசிக்காட்டியும் அந்தப் பொய்யில மட்டும் அப்படி ஒரு ஒத்துமை.

அந்த நேரம் பாத்துத்தான் பாப்பா ஆப்பைத் தூக்கிக்கிட்டு வந்தா.

"அம்மா, முதல் தடவையா ஒரு ஆப்பை முழுசா என் பொறுப்புல விட்டிருக்காங்க. வீட்டு வேலையைப் பகிர்ந்துக்கிற ஆப். நீ ஒரு வேலையை எழுதி அனுப்பினா அப்பா போன்ல மணி அடிக்கும். அவர் முடிச்சுட்டுப் பச்சை பட்டனை அழுத்தினா உனக்கு வரும். ஒரு தடவை எழுதினா ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓடற மாதிரி எழுதியிருக்கேன். ஓடுதான்னு பாக்க ரெண்டு வகை போனும் இருக்கிற ஒரு நிஜமான வீடு வேணும்."

அவர் கையில ஆண்ட்ராய்டு. என்கிட்ட இருக்கிறது பாப்பா குடுத்த பழைய ஐபோன். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து டெஸ்ட் பண்ணுங்க"ன்னா. ஆகட்டும்னேன். அவரும் ஆகட்டும்னாராம். அவர் பால்கனியில, நான் படுக்கையறையில. நடுவுல கதவு சாத்தியிருக்கு.

இன்ஸ்டால் பண்றதுக்குள்ளயே ஒரு வழி ஆயிட்டேன். என் போன்ல முதல்ல சோதனை ஆப்களை இறக்கறதுக்குன்னே ஒரு ஆப் போடணுமாம். அப்புறம் மெயில்ல அழைப்பு வரும், அதைத் திறக்கணும், சம்மதம்னு அழுத்தணும். கல்யாணப் பேச்சுக்குக்கூட இத்தனை சம்மதம் யாரும் கேக்கலை. அவர் போன்ல லிங்கைத் தொட்டா நேரா வந்துடும். ஆனா முதல்ல, "இதனால் உங்கள் போனுக்கு ஆபத்து வரலாம்"னு எச்சரிக்கை. அதை அவர் பால்கனியில சத்தமாப் படிச்சது எனக்குக் கேட்டுச்சு. என்னைப் பத்தித்தான் படிக்கிறார்னு நெனச்சேன்.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்துல நாங்க ஒழுங்காத்தான் வேலை பாத்தோம். என் போன்ல எழுத ஆரம்பிச்சா கீபோர்டு மேல ஏறி வந்து அனுப்பற பட்டனை மூடிடுச்சு. அவர் போன்ல எழுத்தைப் பெருசாக்கி வெச்சிருப்பார், கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் சரியில்லை, அதனால "முடிஞ்சுது"ங்கிற வார்த்தை "முடிஞ்"சோட நின்னு போச்சு. சொன்னதும் பாப்பாவுக்கு ஒரே குஷி. "சூப்பர்ம்மா, இதெல்லாம் எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணுலயும் படலை!" மறுநாளே புது வெர்ஷன் வந்துடும். முதல் வெர்ஷன்ல பச்சை வீட்டுப் படம், அடுத்ததுல நீல வீடு, அதுக்கடுத்ததுல வீட்டுக்குக் கதவே இல்லை. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்புறம்தான் வேலை அனுப்பற டெஸ்ட் வந்துச்சு.

"அப்பா ஏதாவது அனுப்புவார், வந்துச்சான்னு பாரும்மா." பாத்துக்கிட்டே இருந்தேன். டிங்! "நீலச் சட்டையில பட்டன் தெச்சு வை."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேருக்கு நேர் பேச வாய் வராது, பட்டன் தைக்க மட்டும் நான் வேணுமா? ஒரு விரலால அதை அப்படியே ஓரமாத் தள்ளி விட்டேன், மறைஞ்சு போச்சு. அந்த நேரம் பாத்துப் பாப்பா கூப்பிடறா. "வந்துச்சாம்மா?" வந்துச்சுன்னு சொன்னா அடுத்து பச்சை பட்டனை அழுத்தச் சொல்வா. அதுக்கு நான் சட்டைப் பட்டன் தைக்கணும்.

"வரலையேடி"ன்னேன்.

சரி, இப்ப நீ அனுப்புன்னா. "பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. உடனடியாகச் சரி செய்யவும்"னு சர்க்கார் ஆபீஸ் மாதிரி எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாப்பா, "அப்பாவுக்கும் வரலையாம்மா"ங்கிறா.

அதைக் கேட்டதும் என் மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சு. அட, ஆப்லயே கோளாறு இருக்கா! அப்ப நான் சொன்னது பொய்யே இல்லை, கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்ட உண்மைன்னு என்னை நானே தட்டிக் குடுத்துக்கிட்டேன்.

அதுலிருந்து பாப்பா தினம் ஒரு வெர்ஷன் அனுப்ப ஆரம்பிச்சா. பழசை எடு, புதுசைப் போடு, மறுபடி உள்ளே போ, அனுப்பு. எனக்கு டிங்னு வரும். "பட்டன்." தள்ளி விடுவேன். "வரலைடி." நான் குழாயை அனுப்புவேன். "அப்பாவுக்கு வரலையாம்மா." குழாயும் சொட்டிக்கிட்டேதான் இருந்துச்சு, சட்டையும் பட்டன் இல்லாம ஆணியில தொங்கிக்கிட்டே இருந்துச்சு. அவர் போன் எப்பவும் சைலன்ட்ல கிடக்கும். அதனால பால்கனியில மணி அடிச்சுதா, அடிக்கலையான்னு எனக்குத் தெரிய வழியில்லை.

பாப்பா குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கிட்டே வந்துச்சு. ஒரு சாயங்காலம் கூப்பிட்டவ, ஆப்பைப் பத்திக் கேக்காம, சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டா. என்னடின்னேன்.

"இந்த வெள்ளிக்கிழமை இதை வெளியிடணும்மா. நான்தான் வேண்டாம்னு பிடிச்சு வெச்சிருக்கேன். டீம்ல எல்லாருக்கும் வருது, சர்வர்லயும் போய்ச் சேந்துடுச்சுன்னுதான் காட்டுது. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் வரலை. எனக்கு மண்டை காயுது. மேனேஜர் கேட்டார், உங்க வீட்டுல மட்டும் வரலைன்னா உங்க வீட்டுலதானே ஏதோ தப்புன்னு. நான் விடலை. எங்க அம்மா அப்பா வரலைன்னு சொன்னா வரலைதான் சார், பொய் சொல்ல அவங்களுக்கு என்ன அவசியம்னு கேட்டேன்."

நான் போனை இந்தக் காதுலேருந்து அந்தக் காதுக்கு மாத்தினேன்.

"நாளைக்கு நேர்ல வர்றேன்மா. என் கண்ணு முன்னாடி அது வராமப் போகணும், ஏன்னு பிடிச்சுக்கிட்டுப் போகணும். வெறுங்கையோட போனா ஆப்பை என்கிட்ட இருந்து எடுத்து வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்க. அதையும் சொல்லிட்டாங்க."

போனை வெச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். என் பொண்ணு ஆபீஸ்ல இத்தனை பேர் நடுவுல என் வாக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் இங்க ஒரு பட்டனுக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன். நான் சொன்னது பொய்னாலும் அவருக்கு வரலைங்கிறது நிஜம்தானே, அந்தப் பிழையைப் பிடிச்சாப் போதாதான்னு கணக்குப் போட்டேன். என் பக்கத்துக்கு, "புது வெர்ஷன்ல சரியாயிடுச்சுடி"ன்னு சொல்லிடலாம். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். நல்லா இருக்கு லட்சணம்!

மறுநாள் காலையில பாப்பா வந்து இறங்கினா. தலை வாரலை, கண்ணு ரெண்டும் உள்ளே போயிடுச்சு. லேப்டாப், நாலஞ்சு ஒயர் எல்லாத்தையும் சாப்பாட்டு மேஜை மேல பரப்பினா. "ரெண்டு பேரும் போனைக் குடுங்க." நாங்க எதிரெதிர்ல உட்கார்ந்தோம். அவர் போனை எடுத்ததும், "என்னப்பா, சைலன்ட்ல இருக்கு"ன்னு அதுக்கு வாயைத் திறந்து விட்டா. ரெண்டு போனையும் மேஜை நடுவுல பக்கத்துல பக்கத்துல வெச்சா. அந்த ரெண்டு வாரத்துல எங்க வீட்டுல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தது அதுங்க ரெண்டும்தான்.

"புது வெர்ஷன்ல சரியா இருக்கும்டி"ன்னு நான் ஆரம்பிச்சேன்.

"ஆமாம்மா, எனக்கும் அப்படித்தான் தோணுது"ன்னு அவரும் அவசரமாச் சொன்னார். எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

"இல்லை. நீங்க முதல்ல வரலைன்னு சொன்ன அதே பழைய வெர்ஷனைத்தான் போடறேன்."

போட்டா. கதவில்லாத வீடு வந்துச்சு. அவர் போன்லேருந்து ஒரு வேலை அனுப்பினா. என் போன் டிங்னு அடிச்சுது. என் போன்லேருந்து அனுப்பினா. அவர் போன் அதைவிடச் சத்தமா டிங்னு அடிச்சுது.

அடுத்த வெர்ஷன் போட்டா. டிங், டிங். அதுக்கடுத்ததுலயும் கதவில்லாத வீடுதான். டிங், டிங். நல்லா வேலை செய்யுதேன்னு சந்தோஷப்பட வேண்டிய பொண்ணு, ஒவ்வொரு டிங்குக்கும் முகம் வாடிக்கிட்டே போறா. கடைசில லேப்டாப்பை மூடிட்டா.

"அப்ப நான்தான் எங்கயோ தப்பா பாத்துட்டேன்"னா, மெல்ல. "இல்லாத பிழைக்கு இத்தனை நாள் எல்லாரோட வேலையையும் நிறுத்தி வெச்சுட்டேன். எனக்கு இந்த வேலை வராதோ என்னவோம்மா."

அதுக்கு மேல என்னால தாங்க முடியலை. என் கௌரவம் தூண்ல இடிச்சா என்ன, கடல்ல மூழ்கினா என்ன!

"வந்துச்சுடி"ன்னேன். "எல்லாம் வந்துச்சு. ஒவ்வொண்ணும் வந்துச்சு. பட்டன் தைக்கப் பிடிக்காம நான்தான் தள்ளி விட்டுட்டு வரலைன்னு சொன்னேன். எனக்கும் உங்கப்பாவுக்கும் பேச்சு இல்லை. உன் மேல ஒரு தப்பும் இல்லை கண்ணு. தப்பெல்லாம் என் மேலதான்."

பாப்பா என்னையே பாத்தா. எதிர்ல ஒரு தொண்டைக் கனைப்பு.

"எனக்கும் வந்துச்சும்மா"ன்னார் அவர், மேஜையைப் பாத்துக்கிட்டே. "குழாய். தினமும் வந்துச்சு."

நான் எழுந்தே நின்னுட்டேன். "என்னது! உங்களுக்கும் வந்துச்சா? உங்களுக்கு வரலைன்னு நம்பித்தானேய்யா நான் நிம்மதியாப் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்!"

"நானும் அதேதான்! உனக்கு நிஜமாவே வரலைன்னு நெனச்சேன். ஆப்தான் கெட்டுப் போச்சே, நான் சொன்னா என்னன்னு..."

"சொட்டு சொட்டா ஒழுகுது, காதுல விழலையா?"

"பட்டன் இல்லாம கடைக்குப் போறேன், உன் கண்ணுல படலையா?"

கத்தி முடிச்சப்பதான் உறைச்சுது. ரெண்டு வாரம் கழிச்சு நாங்க சுவர் இல்லாம பேசிக்கிறோம். அவரும் அதைக் கவனிச்சுட்டார், அவர் உதட்டோரம் துடிச்சுது. ஆனா பாப்பா சிரிக்கலை.

"உங்களை நம்பி நான் ஆபீஸ்ல சண்டை போட்டேன்"னா. அவ்வளவுதான் சொன்னா. கண்ணு கலங்கிடுச்சு. அவர் எழுந்து போய் அவ தலையில கை வெச்சார். "மன்னிச்சுக்கோடா"ன்னார். நானும் சொன்னேன். பெத்த பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கிறதுல என்ன வெக்கம்? கேக்காம இருக்கறதுதான் வெக்கம்.

அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு, போனை எடுத்துக்கிட்டுப் பால்கனிக்குப் போனா. மேனேஜர்கிட்ட பேசறா. நாங்க ரெண்டு பேரும் கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக் கேட்டோம்.

"என்ன சொல்றா?"ன்னு அவர் குசுகுசுத்தார்.

"சும்மா இருங்க, கேக்கலை."

"பிழை கிடைச்சுடுச்சு சார்"னா பாப்பா. குரல் முதல்ல நடுங்குச்சு. "தகவல் போய்ச் சேருது. சேர்ந்ததைப் பாத்துட்டு ஒருத்தர் தள்ளி விட்டா அனுப்பினவருக்குத் தெரிய மாட்டேங்குது. வரவே இல்லைன்னுதான் நெனப்பாங்க. ஆமா சார், எங்க வீட்டுல அதான் நடந்துச்சு. இல்லை சார், போன் நல்லாத்தான் இருக்கு. அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை." நான் மூச்சை அடக்கிக்கிட்டு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். எப்பப் பிடிச்சேன்னே தெரியலை. அப்புறம் பாப்பா மெதுவாச் சிரிக்கிற சத்தம். "உங்க வீட்டுலயுமா சார்?"

ஆப் அவ கையிலயே நின்னுச்சு. ஆனா வெள்ளிக்கிழமை வெளியாகலை, ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அந்த வாரத்துல வேலைக்குப் பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு குறி சேத்தா. பாத்தவுடனே அது தானா விழுந்துடும், "பார்த்தாச்சு"ன்னு. அதுக்கு ஆபீஸ்ல எல்லாரும் வெச்சிருக்கிற பேர் "அம்மா குறி"யாம். அவளைக் கேலி பண்ணத்தான் அந்தப் பேர். அவளும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா. ஊருக்குக் கிளம்பும்போது எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "வந்தா வந்துச்சுன்னு சொல்லுங்க. செய்யப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

புது வெர்ஷன் வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உட்கார்ந்துதான் இன்ஸ்டால் பண்ணினோம். படத்துல இருந்த வீட்டுக்கும் கதவு வந்திருந்துச்சு. அதுக்குள்ள குழாய் சொட்டறது நின்னாச்சு, நீலச் சட்டைக்குப் பட்டனும் வந்தாச்சு. "நீ அனுப்பறியா, நான் அனுப்பட்டுமா? நீயா, நானா?"ன்னார். அனுப்புங்கன்னேன். ரொம்ப நேரம் திரையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தார். டிங்.

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடு."

கண்ணு குறி விழுந்துடுச்சு. நான் பாத்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் மறுபடி ஒரு தடவை படிச்சேன். இத்தனை வருஷம் கழிச்சு இந்த மனுஷன் மன்னிப்புங்கிற வார்த்தையைச் சொல்லாமலே கேட்டுட்டார். ஆணியிலேருந்து சாவியை எடுத்து அவர் மடியில போட்டேன்.

பார்க்கிங்ல ஸ்கூல் கார்ல டிரைவர் சீட்ல அவர், பக்கத்துல நான். ஸ்கூல் கார்ல என் காலடியிலயும் ஒரு பிரேக் உண்டு. கிளட்ச், கியர், கண்ணாடி எல்லாம் சொல்லிக் குடுத்தேன், ஒரு திட்டுகூட இல்லாம. முன்னாடி நல்லாத்தான் போனார். ரிவர்ஸ்ல, "இப்படியா, இப்படியா?"ன்னு கேட்டுக்கிட்டே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார். தூண் நெருங்கி வர்றது என் கண்ணாடியில தெரிஞ்சுது. கார் ஊர்ந்துதான் போச்சு. என் கால் பிரேக் மேலயே இருந்துச்சு. அழுத்தலை.

சர்ர்ர்ர்.

இறங்கிப் பாத்தோம். என் கீறலுக்குச் சரியா ஒரு சாண் கீழே இன்னொரு கீறல். அவர் தூணைப் பாத்தார், என்னைப் பாத்தார், என் கால் இருந்த இடத்தைப் பாத்தார்.

"உன் பக்கம் பிரேக் இருக்கில்ல?"

"இருக்கு. அழுத்தப் பிடிக்கலை."

ஒரு நிமிஷம் வாயைத் திறந்துக்கிட்டு நின்னவர், வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சுட்டார். எனக்கும் அடக்க முடியலை. சிரிச்சு ஓய்ஞ்சதும், "இதை யார்கிட்டயும் சொல்லிடாதே"ன்னார் கெஞ்சலா.

நான் போனை எடுத்து ஒரு வேலை எழுதினேன். "தூணுக்குப் பெயின்ட் அடிக்கணும். ரெண்டு கீறல் இருக்கு. மேல இருக்கிறது என்னோடது, கீழே இருக்கிறது அவரோடது. ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கணும்." அனுப்பிட்டேன். அவர் சட்டைப் பையில டிங்னு அடிச்சுது. எடுத்துப் படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். அவர் பேருக்குப் பக்கத்துல கண்ணு குறி விழுந்துச்சு.

அதுக்குக் கீழே, நான் எதிர்பாக்கவே இல்லை, இன்னொரு கண்ணு. புது வெர்ஷன்ல பாப்பாவும் எங்க வீட்டுக் குழுவுல சேந்துக்கிட்டாங்கிறதை மறந்தே போயிட்டேன். உடனே ஒரு வரி வந்துச்சு.

"எனக்கும் வந்துச்சும்மா."